கதவில்லாத அலமாரி

அன்றைக்குப் பெரியவள் சாவியை மறந்து எடுத்துப் போனாளா, தெரிந்தே எடுத்துப் போனாளா என்று கேட்டால் சின்னவளால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. மழை பெய்தது என்று ஒரு சமயம் தோன்றும்; இல்லை, கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது என்று இன்னொரு சமயம் தோன்றும். கையில் டம்ளரோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியது மட்டும் நிச்சயம். அழுகிற பிள்ளைக்குப் பாலில் போடச் சர்க்கரை இல்லை. இல்லாமல் என்ன, இருந்தது; பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி டம்ளரை வாங்கிக்கொண்டு, "உங்க வீட்லயா சர்க்கரைக்குப் பஞ்சம்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு சின்னவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பிள்ளை வளர்ந்து வேலைக்கு வேறு ஊர் போய்விட்டான். சிரிப்பு எழுந்து போகவில்லை.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்த காலம் அது. மூத்தவரின் மனைவி என்ற முறையில் அலமாரிச் சாவி பெரியவளின் இடுப்பில் தொங்கும். காலையில் திறந்து அளந்து கொடுப்பாள், பூட்டுவாள், அவ்வளவுதான். பிறகு பாகம் பிரிந்தது. பெரியவளின் கணவர் போய்ச் சேர்ந்தார். அவளுடைய ஒரே மகன் வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது சின்னவளின் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணி நம்மளோட வந்து இருக்கட்டுமா?"

"தாராளமா வரட்டும்" என்றாள் சின்னவள். அவள் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததில் அவருக்கே கொஞ்சம் பயம் வந்தது.

மறுநாளே தச்சரை வரவழைத்தாள். சமையலறை அலமாரிகள் குழாய்க் கசிவில் ஊதி, கதவுகள் மூடாமல் பல்லிளித்துக்கொண்டிருந்தன, எப்படியும் மாற்றவேண்டியவைதான். சுவரோடு வெறும் தட்டுகள் போதும், கதவே வேண்டாம் என்றாள். தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மறுபடியும் செருகினார்.

"படத்துல பாக்க நல்லாத்தான் இருக்கும்மா. தினம் தாளிக்கிற வீட்டுக்கு ஒத்துவராது. எண்ணெய்ப் புகை படியும், அதுமேல தூசி ஒட்டும். யாரு தொடைப்பா?"

"தொடைச்சுக்கலாம்ணே."

"மேல மட்டும் தொறந்து விட்டுட்டு, கீழ கதவு வெச்சிடறேனே?"

"ஒரு கதவுகூட வேணாம்."

"கரப்பான்பூச்சிக்கெல்லாம் பத்திரிகை வெச்சு அழைச்சாச்சு" என்றார் கணவர். யாரும் சிரிக்கவில்லை.

தட்டுகள் ஏறின. கண்ணாடி ஜாடிகளை வாங்கி நிரப்பினாள். சர்க்கரையை நடுத்தட்டில், முதல் பார்வையில் படுகிற இடத்தில் வைத்தாள். பெரியவள் இதன் முன்னால் வந்து நிற்பாள். அப்போது சொல்லவேண்டிய வாக்கியத்தைச் சின்னவள் வருஷக்கணக்காகத் தீட்டிவைத்திருந்தாள்.

பெரியவள் ஒரு பெட்டியோடு வந்தாள். இளைத்திருந்தாள். படுக்கும் அறையைக் காட்டுவதற்கு முன்பே சின்னவள் அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"எது வேணும்னாலும் எடுத்துக்கோங்க அக்கா. இங்க பூட்டெல்லாம் கிடையாது."

பெரியவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். தட்டின் விளிம்பில் விரலை ஓட்டினாள். "எண்ணெய் படியுமே" என்றாள்.

அடி விழவேண்டிய இடத்தில் விழவில்லை. விருந்தினர் வரும்போதெல்லாம் சின்னவள் அதே வாக்கியத்தைப் பெரியவளின் காதுபடச் சொன்னாள். பெரியவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பரிமாறியதைச் சாப்பிட்டாள். தானாக எதையும் எடுக்கவில்லை. பிறகு, சின்னவள் தையல்கூடத்துக்கு வேலைக்குப் போயிருக்கும் நேரங்களில், ஜாடிகளை இறக்கித் துடைத்து அடுக்க ஆரம்பித்தாள். மாலையில் வீடு திரும்பும் சின்னவள், சாவி தொங்கிய இடுப்பில் ஈரத்துணி செருகியிருப்பதைக் கண்குளிரப் பார்ப்பாள். துடைக்கட்டும், நன்றாகத் துடைக்கட்டும்.

ஒரு நாள் காலை, வேலைக்கு நேரமாகிவிட்டது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததற்கு உப்பைத் தேடிக் கை நீட்டினாள், மஞ்சள்தூள் வந்தது. இன்னொன்று எடுத்தாள், கடுகு. எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன, எதுவும் இருந்த இடத்தில் இல்லை. "அக்கா, உப்பு எங்க?" என்று கத்தினாள்.

"ரெண்டாவது தட்டு, எடது ஓரம்" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "உன் கைக்கு எட்டற மாதிரிதான் வெச்சிருக்கேன்."

கேட்ட பிறகுதான் தான் கேட்டுவிட்டது சின்னவளுக்கு உறைத்தது. சொந்த வீட்டில், சொந்த அடுப்படியில் நின்றுகொண்டு உப்பு கேட்டிருக்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"இனிமே நீங்க அலமாரியத் தொட வேணாம்."

"தொடைக்கலேன்னா பிசுக்கு ஏறிடுமே."

"ஏறட்டும்."

பெரியவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "என்மேல உனக்கு என்ன கோவமோ, வாய்விட்டுச் சொல்லிடேன்."

சர்க்கரை என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அதை வெளியே எடுத்துப் பார்த்தால் எவ்வளவு இருக்கும்? ஒரு டம்ளர். இத்தனை வருஷம் சோறுபோட்டு வளர்த்த பகையை வாசலில் நிறுத்தினால், "இவ்வளவுதானா?" என்று பெரியவள் கேட்டுவிடுவாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே சின்னவள், "ஒண்ணுமில்லக்கா" என்றாள்.

தச்சர் சொன்னது பலித்தது. மாதம் திரும்புவதற்குள் ஜாடிகள் தட்டோடு ஒட்டிக்கொண்டன. தெருவில் பார்த்தபோது, "கதவு வெச்சிடலாமாம்மா?" என்று கேட்டார். கதவு வைத்தால் சமையலறை பிழைக்கும். கதவு வைத்தால் பெரியவள் பார்ப்பாள். முதல் நாளே சொன்னேனே என்று சொல்லவும் மாட்டாள், பார்ப்பாள். "வேணாம்ணே. இதுவே சௌகரியமா இருக்கு" என்றாள் சின்னவள்.

தச்சருக்கு அந்த வீட்டில் அப்புறம் வேலை கிடைக்கவில்லை. சின்னவளின் கணவர் தன் டீத்தூளையும் ஒரு கரண்டியையும் படுக்கையறைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். சின்னவளின் மகன் லீவில் வரும்போது அலமாரியைப் போட்டோ பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறான். பெரியவளுக்கு உடம்பு தேறிவிட்டது. சின்னவளுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. விடுமுறை நாட்களில் அவள் ஸ்டூலின் மேல் ஏறி, ஒவ்வொரு ஜாடியாக இறக்கித் துடைக்கிறாள். பெரியவள் சமையலறை வாசற்படி ஓரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "மூலையில விட்டுட்ட பாரு" என்கிறாள்.