மூன்று பேருக்கு ஒரு அறை

1

ஒரு கதவைப் பார்த்ததில் பிறந்த கதை இது. பேருந்துப் பணிமனையில் காத்திருந்தேன். கதவில் பெண் உருவம் வரைந்த தகடு; உள்ளே நான்கு ஆண்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மற்றதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: ‘விடியலின் பொன்னொளி பணிமனைக் கூரையில்...’ அடித்துவிட்டேன். சிறுநீரை அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டுபவளுக்கு விடியல் எந்த நிறமாக இருந்தால் என்ன?

மறுபடியும். அவள் ஓட்டுநர். பணிமனையில் இருநூறு பேர். பெண்கள் மூன்றே பேர். தொழிற்சங்கத்தில் அதுவரை செயலாளர் வைத்ததுதான் சட்டம். இனி எதுவானாலும் வாக்கெடுப்புதான் என்று சண்டை பிடித்து விதியை மாற்றியவள் அவள். அன்று எழுந்த கைதட்டல்... [நீக்கிவிட்டேன். பின்னால் வருவதைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதை வர்ணிக்க மனம் வரவில்லை.]

3

புது விதிப்படி வந்த முதல் தீர்மானம்: பெண்கள் ஓய்வறையைப் பொழுதுபோக்கு அறையாக்குவது. பெண்களுக்கான ஒரே கழிப்பறை அதற்குள்தான் இருந்தது. எதிரே பெட்ரோல் பங்க் இருக்கிறதே என்றார் ஒருவர். அவளுடைய அறுவை சிகிச்சைக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்த மெக்கானிக்கும் தீர்மானத்தை ஆதரித்துக் கை தூக்கினார். எதிர்த்து உயர்ந்தவை மூன்று கைகள்.

செயலாளரைக் கொடியவராக்கிப் பார்த்தேன். மனிதர் பிடிவாதமாக நல்லவராகவே நின்றார்.

“நான் ஒருத்தனே முடிவு பண்ற காலமா இருந்தா, அந்த ரூம் பக்கம் ஒருத்தன விட்டிருப்பேனாம்மா? நீ கேட்ட ஓட்டுதானே.”

“ஓட்டு கேட்டேன்ணே. நான் ஒண்ணுக்குப் போறதுக்கும் சேத்தா கேட்டேன்?”

செயலாளர் சிரித்துவிட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தீர்மானம் அப்படியே நின்றது.

4

வேலை நாட்களில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். சிறுநீரில் தொற்று, குளிர் காய்ச்சல். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் மருத்துவர்.*

* இது சிரிப்பதற்காக எழுதியதல்ல.

பேருந்து எந்த வழியில் போக வேண்டும் என்பதைப் பெரும்பான்மை முடிவு செய்யலாம். யாரை ஏற்றக் கூடாது என்பதையும் அதுவே முடிவு செய்யும்போது... [முடித்தால் கட்டுரையாகிவிடும்.]

5

முடிவு (அ): நீதிமன்றம் அறையை மீட்டுத் தருகிறது. வழக்கு நடக்கும்வரை அவள் எங்கே போவாள்?

முடிவு (ஆ): மெக்கானிக்கின் மகளும் ஓட்டுநராகிறாள், அப்பா மனம் மாறுகிறார். தன் வீட்டுப் பெண்ணுக்கு வந்தால்தான் உறைக்கும் என்றால், அந்த நியாயத்தை வைத்து என்ன செய்வது? கிழித்துப் போட்டேன்.

“முடிவ வாசகர் ஓட்டுக்கு விட்டுடலாமே சார், நல்லா ஓடும்” என்றார் பத்திரிகை ஆசிரியர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மாட்டேன் என்றேன். அதற்குப் பதில், வாசகராகிய உங்களை அவள் பேருந்தில் ஏற்றிவிட்டிருக்கிறேன். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டுகிறாள். யாரையும் கேட்கவில்லை. இறங்கி, சாலையோர உணவகத்தின் கழிப்பறையை நோக்கி நடக்கிறாள். பின் இருக்கைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இதுங்கள எல்லாம் வேலைக்கு வெச்சா இப்படித்தான்” என்கிறார். வண்டியில் பலரும் தலையாட்டுகிறார்கள்.

அவர் இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறார்.