எழுந்துவிட்ட இளவரசி

இரண்டு நாள் நடக்கும் பள்ளி நாடகத்தில் இளவரசி வேடம் கிடைத்ததும் சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. இளவரசன் வந்து எழுப்பும்வரை கட்டிலில் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

"இளவரசி எதையும் கத்துக்கவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம். அசைஞ்சே, நாளைக்கு வேஷம் வேற பொண்ணுக்கு!" என்று டீச்சர் எச்சரித்திருந்தார்.

மேடைக்கு வந்த இளவரசன் தன் அங்கி தடுக்கி விழுந்து, கூட்டத்தைப் பார்த்து ஓவென்று அழுதான். சின்னவளுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து போய் அவனைத் தூக்கி நிறுத்தி, மூக்கைத் துடைத்து, "அழாதேடா, வந்து என்னை எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டாள்.

கூட்டம் கைதட்டியது. டீச்சர் பல்லைக் கடித்தார்.

"நூறு வருஷமா தூங்குறவ மூக்கு தொடைப்பாளாடி? நாளைக்கு நீ மரம்!"

"சரி டீச்சர்" என்றாள் சின்னவள் நிம்மதியாக. மரத்துக்காவது நிற்க அனுமதி உண்டு. அவன் மறுபடி விழுந்தால் பிடிக்கக் கிளையும் இருக்கும்.