முப்பத்தொன்றாவது படம்

இரட்டைப் பக்க டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, அண்ணனுடைய கல்யாணப் படத்தின் முதுகில் நாலு மூலையிலும் ஒட்டினாள் சின்னவள். கத்தரிக்கோல் பக்கத்திலேயேதான் இருந்தது. இன்றைக்கு எதையாவது கடித்தால்தான் அவளுக்கு மனசு ஆறும் போலிருந்தது.

அறுபத்தொரு வயதிலும் குடும்பத்தில் அவள் சின்னவள்தான். முப்பத்தெட்டு வருஷம் ஒரு பல் டாக்டரின் முன்னறையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து ஓய்வு பெற்றவள். கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருப்பவர் அவளுடைய அண்ணன். பஸ் டெப்போ மேனேஜராக இருந்தவர். நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அவளைக் கேட்டால், ஒரு நாள் முந்திக்கொண்டு போய்விட்டார் என்பாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவதில் மனுஷன் எப்போதுமே கெட்டிக்காரர்.

"அத்தை, போர்டு முடிஞ்சுதா? பத்து மணிக்கு ஆளுங்க வர ஆரம்பிச்சிடுவாங்க" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தான் அண்ணன் மகன். அழுது அழுது அவன் முகம் அதைத்துப் போயிருந்தது. போர்டு அவனுடைய யோசனை. அப்பாவின் வாழ்க்கையைப் படம் படமாக ஒட்டி வைத்தால் வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள் என்று சொல்லி, பழைய படங்களைப் பொறுக்கும் வேலையை அத்தையிடம் விட்டிருந்தான். எங்கப்பா மாதிரி ஒருத்தர் இனிமேல் பிறந்துதான் வரணும் என்று காலையிலிருந்து நாலு பேரிடம் போனில் சொல்லிவிட்டான்.

"முடிஞ்சிடும்பா. இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி."

அந்த ஒன்று அவள் கைப்பையில், பழுப்பு உறைக்குள் இருந்தது.

அப்போது அவளுக்கு இருபது வயது. அண்ணன் வீட்டில் இருந்தாள். ஒரு பத்திரிகை ஆபீஸில் படம் எடுக்கப் பழக்கி ஆள் வேலைக்கு வைக்கப் போவதாக விளம்பரம் வந்தது. ஒரே தெரு, ஒரே நாள், ஒரே ரோல், முப்பத்தாறு படம். யார் வேண்டுமானாலும் எடுத்து அனுப்பலாம். தோழியின் மாமாவிடம் ஒரு நாளைக்குக் கேமராவை இரவல் வாங்கி, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை தங்கள் தெருவையே சுற்றினாள். யார் யார் வீட்டு மாடியிலோ ஏறினாள். ரோலை அலுமினிய டப்பாவில் போட்டு, சிவப்பு மையில் தேதி எழுதி அண்ணனிடம் கொடுத்தாள். பிலிம் கழுவும் லேப் அவருடைய டெப்போவுக்கு அடுத்த கட்டிடம்.

ரெண்டு நாள் கழித்து, கடைசித் தேதியன்று சாயங்காலம் வந்து, முகம் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "லேப்காரன் கெடுத்துட்டான். வெளிச்சம் பட்டுடுச்சாம். ஒண்ணும் தேறலை." அவள் அழுததைப் பார்த்துவிட்டு, "விடு, அதுல என்ன பெரிசா இருந்திருக்கப் போகுது" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை அவள் நம்பித் தொலைத்தாள். வேறு கேமரா கேட்கவில்லை, வேறு விளம்பரம் பார்க்கவில்லை. பல் டாக்டர் வீட்டில் ஆள் வேண்டும் என்றார்கள், போய் உட்கார்ந்தாள்.

மூணு மாசத்துக்கு முன்னால் அண்ணனுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி அவளை வீட்டுக்கு அனுப்பினாள். "பீரோவில மேல் தட்டு, சீப்பு டப்பாவுக்குப் பின்னாடி இன்ஷூரன்ஸ் பேப்பர் இருக்கு, எடுத்துட்டு வா." பேப்பர் இருந்தது. பேப்பருக்கு மேலே அந்த டப்பாவும் இருந்தது. சிவப்பு மை, அவள் கையெழுத்து. உள்ளே ரோல் கழுவப்படாமல், லேப்பின் வாசலையே மிதிக்காமல், அவள் போட்டபடியே கிடந்தது.

பீரோவின் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடப்பாவி மனுஷா!

யாரிடமும் மூச்சு விடவில்லை. பிலிம் கழுவுகிற ஒருவரைத் தேடிப் பிடித்தாள். "நாப்பது வருஷம்னா மூட்டமாத்தான் வரும்மா, ரொம்ப ஆசை வைக்காதீங்க" என்ற அந்த மனிதர், முனையில் துண்டு துண்டாக வெட்டி ரெண்டு தடவை சோதனை பார்த்துவிட்டு, மிச்சத்தைக் குளிர்ந்த மருந்தில் பொறுமையாகக் கழுவிக் கொடுத்தார். பிலிம் சுருண்டு சுருண்டு போனது. ஒரு வாரம் அதை டெலிபோன் டைரக்டரிகளுக்கு அடியில் வைத்து நிமிர்த்தினாள். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றி, புள்ளி புள்ளியாக, கீறல் கீறலாக மவுஸால் துடைத்தாள். ஒவ்வொரு புள்ளிக்கும் அண்ணனுக்கு ஒரு வசவு. அகராதியில் இல்லாத வசவுகள் எல்லாம் அந்த நாற்காலியில்தான் அவள் வாயில் வந்தன.

படங்கள் நன்றாக இருந்தன. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வாயில் ஆணிகளை வைத்துக்கொண்டே சிரிக்கும் செருப்புத் தைப்பவர், ஜன்னலுக்கு ஒரு முகமாக நிறைந்து போகும் பஸ், கடைப் பலகையைத் திறக்கும் நேரத்துக் கொட்டாவி. ஒன்றிரண்டு மட்டமாக இருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள்.

ரெண்டு வாரத்துக்கு முன், அவருக்கு அரைகுறையாகப் பேச்சு திரும்பியிருந்தபோது, கட்டிலருகே குனிந்து கேட்டாள்.

"அண்ணே, அந்த ரோல் என்னண்ணே ஆச்சு?"

"எந்த ரோல்?"

"நான் பத்திரிகைக்கு எடுத்தது."

கோணிய வாயால் சொன்னார்: "லேப்காரன் கெடுத்துட்டான்னு அப்பவே சொன்னேனே."

டப்பா அப்போது அவள் மடியில் பைக்குள் இருந்தது. எடுத்து மூஞ்சிக்கு நேரே நீட்டியிருக்கலாம். முப்பத்தாறையும் முடித்து, அவர் போர்வைமேல் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்க்க வைக்க வேண்டும் என்று வெறியோடு எழுந்து வந்தாள்.

முப்பத்தொன்றாவது படத்துக்குப் போன வியாழக்கிழமைதான் வந்தாள். எதிர் வரிசையில் இருந்த சலவைக்கடை மாடியிலிருந்து எடுத்தது. கொடி கொடியாக வெள்ளைத் துணிகள், நடுவில் ரெண்டு துணி காற்றில் விலகியிருந்தது. அந்த இடைவெளியில் ஒரு ஜன்னல், ஜன்னலில் அரிசி மணி அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. பூஞ்சை என்று நினைத்து மவுஸை வைத்து அழித்தாள். அழித்ததும் பக்கத்தில் இருந்தது எதுவும் எதோடும் சேரவில்லை. அழித்ததைத் திருப்பிக் கொண்டுவந்து பெரிதாக்கிப் பார்த்தாள்.

ஓங்கிய கை. மணிக்கட்டில் அண்ணனின் கடிகாரம். இன்னொரு கை ஒரு பெண்ணின் கூந்தலைச் சுற்றிப் பிடித்துத் தலையைப் பின்னுக்கு இழுத்திருந்தது. அது அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல். அந்த முகம் அண்ணியின் முகம்.

ஓஹோ! இதற்காகத்தானா ரோலை ஒளித்தாய்? அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்தில் பாதி அண்ணிக்காக என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பொய். முழுக்க முழுக்கத் தனக்காகத்தான் கொதித்தாள். எல்லாவற்றையும் பெரிய தாளில் பிரின்ட் போடக் கொடுத்தாள். பிரின்ட் கைக்கு வந்த அன்று அவர் போய்விட்டார்.

போகட்டும். ஊர் இருக்கிறதே, பார்ப்பதற்கு.

உறையிலிருந்து படத்தை எடுத்து, போர்டின் நட்டநடுவில், நிற்கிறவர் கண்ணுக்கு நேராக ஒட்டி உள்ளங்கையால் அழுத்தினாள்.

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அண்ணி வந்து போர்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக அந்தக் கூடத்தில் இருந்தாளோ.

"இவ்வளவு தெளிவா வரும்னு நான் நினைக்கலை" என்றாள்.

சின்னவள் திரும்பினாள். "இந்தப் படம் உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"எடுக்கும்போதே தெரியும். எதிர் மாடியில நீ நின்னே. கேமரா எங்க ஜன்னலுக்கு நேரா இருந்துச்சு. தலையை அவர் அந்தப் பக்கமா இழுத்துப் பிடிச்சிருந்தார், உன்னைத் தவிர வேற எங்கயும் என்னால பார்க்க முடியலை."

"அதனாலதான் அண்ணன் ரோலை ஒளிச்சு வெச்சாரா?"

"அவருக்கு என்ன தெரியும்? லேப்ல குடுக்கறதுக்குத்தான் சட்டைப் பையில போட்டார். குளிக்கப் போனப்ப நான்தான் எடுத்தேன். எங்கேயோ விழுந்துடுச்சுன்னு நினைச்சு டெப்போ வாசல் வரைக்கும் தேடியிருக்கார். தொலைச்சுட்டேன்னு சொல்ல அவருக்கு வாய் வருமா? லேப்காரன் தலையில கட்டிட்டார்."

கூடத்தில் கண்ணாடிப் பெட்டியின் மோட்டார் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருப்பவரை நோக்கியே மூணு மாசமாக ஓடிக்கொண்டிருந்த சின்னவளின் ஆத்திரம், திரும்பி அண்ணியைப் பார்த்து நின்றது.

"அது என் வாழ்க்கை அண்ணி! பல்லுக்கு டோக்கன் கிழிச்சே கிழவியாயிட்டேன். உங்களுக்கு வெக்கமா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அந்த ஒரு படத்தை நானே வெட்டிப் போட்டிருப்பேனே!"

"வெக்கமா?" அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீ பார்த்தே. பார்த்து, நின்னு நிதானமாப் படமும் பிடிச்சே. அப்புறம் இறங்கி வந்து நான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு, 'உப்பு தூக்கலா இருக்கு அண்ணி'ன்னு சொன்னே. அப்ப முடிவு பண்ணேன், இவளுக்கு இந்த ரோலால ஒரு நல்லதும் நடக்கக் கூடாதுன்னு."

சின்னவள் மெதுவாகச் சொன்னாள்.

"நான் துணியைத்தான் பார்த்தேன் அண்ணி. ரெண்டு துணி விலகிச்சு, நடுவுல வெளிச்சம் வந்துச்சு. அந்த வெளிச்சத்தைத்தான் எடுத்தேன். ஜன்னல் ஒண்ணு அங்க இருந்ததே எனக்குத் தெரியாது. போன வியாழக்கிழமைதான் தெரியும். அதையும் பூஞ்சைன்னு நினைச்சு அழிக்கப் பார்த்தேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அண்ணி படத்தைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வயதுக்கு மேல் இப்படி ஒன்றைக் கேட்க வேண்டி வரும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

"சரி" என்றாள். "சாயங்காலமானா அவர் ரேடியோவை அவ்வளவு சத்தமா வெப்பாரே. அது எதுக்குன்னும் தெரியாதா?"

அதற்குச் சின்னவளால் சத்தியம் பண்ண முடியவில்லை. ரேடியோ சத்தம் கூடியதும் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க உட்கார்ந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. தினமும் சாத்தியிருக்கிறாள்.

"பீரோவுக்கு என்னை ஏன் அனுப்பினீங்க?"

"அந்தப் பேப்பரை மகனே எடுத்துட்டு வந்திருப்பான். நீ போய்ப் பார்க்கணும்னு அனுப்பினேன். பார்த்துட்டு இந்தத் தடவையும் சும்மா இருக்கியான்னு பார்க்கணும்னு இருந்துச்சு."

வாசலில் செருப்புகள் கழலும் சத்தம். அண்ணன் மகன், முதல் ஆளாக வந்த பெரியவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தான். அண்ணனோடு டெப்போவில் கண்டக்டராக இருந்தவர், முப்பது வருஷச் சிநேகம். பெட்டியருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டேப் இன்னும் இறுகியிருக்காது. இழுத்தால் வந்துவிடும். சின்னவளின் விரல் தானாகவே படத்தின் மூலைக்குப் போயிற்று. அண்ணன் மகனைப் பார்த்தாள். அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. காகிதக் குவளைகளை அடுக்காக நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கண்டக்டர் அப்பாவைப் பற்றி என்ன சொல்லப் போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணியைப் பார்த்தாள். எடு என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. நாற்காலியில் அசையாமல் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் கையைக் கீழே இறக்கினாள்.

"தங்கமான மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் போர்டுக்கு வந்தார். "அத்தனை வருஷத்துல ஒரு நாள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை." கல்யாணப் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். டெப்போ குரூப் படத்தில் தன்னையே தேடிக் கண்டுபிடித்து லேசாகச் சிரித்தார். நடுவுக்கு வந்ததும் நின்றார்.

"அடடே, இது நல்லாருக்கே. நம்ம பழைய தெருவாச்சே!" குனிந்தார். இன்னும் குனிந்தார். "இந்தத் துணிக்கு நடுவுல ஜன்னல்ல ஏதோ... இது யாரும்மா?"

"எங்கண்ணன்" என்றாள் சின்னவள். குரல் வாசல்வரை கேட்டது. "அவர் பிடிச்சிருக்கிறது அண்ணியோட தலைமுடி. எடுத்தது நான்."

கண்டக்டர் மெல்ல நிமிர்ந்தார். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அத்தை, என்ன பேசறீங்க? பைத்தியமா உங்களுக்கு?" என்றான் அண்ணன் மகன். குவளைகள் ரெண்டு கீழே விழுந்து உருண்டன. "அம்மா, அத்தை என்னவோ உளர்றாங்க. இல்லைன்னு சொல்லும்மா."

அண்ணி கைப்பிடியை ஊன்றி எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை, மகன் கிட்டே வந்து பார்ப்பதற்கு வழியாக, போர்டின் முன்னாலிருந்து இழுத்துச் சுவரோரமாகப் போட்டாள்.