பரிதாபி வருடத்து ஜாடி

ஆற்றுப்பாலத்துக்கு வடக்கே இருக்கும் முன்னோர் கிடங்கில், இறந்துபோனவர்களின் வருடங்களை ஊறுகாய் ஜாடிகளில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்திருக்கிறார்கள். குடும்பத்தார் ஒரு நேரத்தில் ஒரு வருடத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்த் திறந்து பார்க்கலாம். ஈரக் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

ஊரிலுள்ள மணப்பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைக்கிற, தனக்கு இன்னும் கல்யாணமாகாத திரிபுரசுந்தரி, கொள்ளுத்தாத்தா வைத்திலிங்கத்தின் வாழ்க்கையை இப்படித்தான் ஜாடி ஜாடியாகத் தேடிக்கொண்டு வந்தாள். படகு ஓட்டிய வருடத்தில் சேற்று வாசனை. அம்மை போட்ட வருடத்தில் வேப்பிலை. விரோதிகிருது வருடத்தின் கடைசியில் மனுஷர் தன் கல்யாணத்துக்கு வேட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அதை மூடித் தூக்கிக்கொண்டு, அடுத்ததான பரிதாபியை வாங்கக் கிடங்குக்குப் போனால், அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு வட்டம்தான் இருந்தது.

"கோதண்டபாணி வீட்டுக்குக் கொடுத்திருக்கேம்மா," என்றார் கிடங்குக்காரர் பக்கிரிசாமி. "அவங்க பூட்டனார் எழுபத்தொம்பதுலயே போயிட்டாராம். சதாபிஷேகம் பண்ண ஒரு வருஷம் குறையுதுன்னு கெஞ்சினாங்க."

"அந்த வருஷத்துலதானே எங்க கொள்ளுத்தாத்தாவுக்குக் கல்யாணம்?"

"அடடா. அப்ப உங்க வீட்டுல கனம் குறைஞ்சிருக்குமே!"

வீட்டுக்கு வந்து பார்த்தால், குறைந்துதான் இருந்தது. கூடத்துப் படத்தில் தாத்தா இல்லை, அவர் உட்கார்ந்த நாற்காலி இருந்தது. அப்பா படத்தில் மீசை மட்டும். அண்ணன் ராஜகோபால் உத்தரத்தில் முதுகு உரச மிதந்துகொண்டிருந்தான்.

"ஃபேனைப் போட்டுடாதே," என்றான். "காபி குடிச்சா கொஞ்சம் இறங்குறேன். அப்புறம் ஏறிடுறேன்."

"இப்படியே விட்டா சாயங்காலத்துக்குள்ள நீ இருக்க மாட்டே. உனக்கு அப்புறம் நான்."

"நீ போயிட்டா எனக்குக் காபி யாரு போடுறது?"

"ஆளு இருந்தாத்தானே காபி? இடுப்பைக் காட்டு."

துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றை அவன் இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, விரோதிகிருது ஜாடியோடு கோதண்டபாணி வீட்டுக்கு நடந்தாள். கரண்டு கம்பி குறுக்கிட்ட இடங்களில் கயிற்றைச் சுருக்கினாள்.

அங்கே மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. பூட்டனார் பலகையில் உட்கார்ந்து, தலையில் ஊற்றிய கலசத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பரிதாபி ஜாடி திறந்து கிடந்தது. அதன் விளிம்பில் திரிபுரசுந்தரியின் கொள்ளுப்பாட்டி மணக்கோலத்தில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாதியில வருஷத்தைக் கேட்டா எப்படிம்மா?" என்றார் கோதண்டபாணி. "இவரு மறுபடி எழுபத்தொம்பது ஆயிடுவாரு. பந்தியில ஜாங்கிரி போட்டாச்சு."

"ஏன்டா கத்துறே?" என்றார் பூட்டனார். "ஒரு வருஷங்கிறது எவ்வளவு பெருசு! நான் ஓரமா உக்காந்துக்கிறேன். அந்தக் கல்யாணப் பையனையும் வரச் சொல்லு. ஒரே மேளமாப் போச்சு."

திரிபுரசுந்தரி தன் ஜாடியின் துணியை அவிழ்த்தாள். வைத்திலிங்கம் மொடமொடக்கும் வேட்டியோடு வெளியே குதித்து, அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க பொண்ணு வீடா?"

"ரெண்டு வீடும்தான். போய் உக்காருங்க."

"இப்பதான் விடிஞ்சுதாக்கும் உமக்கு?" என்றாள் கொள்ளுப்பாட்டி.

ஒரே முகூர்த்தத்தில் பூட்டனார் தம் பொக்கைவாய் மனைவிக்கும், வைத்திலிங்கம் கொள்ளுப்பாட்டிக்கும் தாலி கட்டினார்கள். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் ராஜகோபால் ஜாங்கிரித் தாம்பாளத்தில் விழுந்தான். வலிக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னான்.

பந்தி முடிந்து, இரண்டு ஜாடிகளையும் கட்டி, அண்ணனோடு போய்க் கிடங்கில் ஒப்படைத்தபோது பக்கிரிசாமி காதைச் சொறிந்தார்.

"உங்க வருஷத்தைக் கேட்டு ஒரு பொண்ணு வந்துச்சும்மா. உங்க கொள்ளுப்பேத்தியாம். உங்க ஜாடி இன்னும் நிரம்பலையேன்னேன். வர்ற புதன்கிழமை மட்டும் போதும், மத்தது எதுவும் வேணாம்னுட்டா. பிரிச்சுக் கொடுத்துட்டேன்."

திரிபுரசுந்தரி கொஞ்சம் யோசித்தாள்.

"ஈரக் கை வச்சிட மாட்டாளே?"

"துடைச்சுட்டுத்தான் வாங்கினா."

வழியில் கடைத்தெருவில் நின்று தனக்கு அரக்குக் கலரில் ஒரு ரவிக்கைத் துணி எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டத் தொடங்கினாள்.

"புதன்கிழமையில நானும் வருவேன்ல?" என்றான் ராஜகோபால், முழங்கையில் ஒட்டியிருந்த ஜாங்கிரியைத் தின்றபடி. "என் சட்டையையும் இஸ்திரி போட்டு வை."