கல்லூத்துப் பாதையில் பச்சை வெளிச்சம்

சித்தேரி மலையில் கல்லூத்து என்ற சிற்றூருக்கு வண்டி போகாது. அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் காட்டுப் பாதையில் ஏறித்தான் போக வேண்டும். உடம்புக்கு முடியாதவர்களைக் கம்பில் போர்வை கட்டி, டோலியாகத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். போன மழைக்காலத்தில் நிறைமாதமாக இருந்த சென்னம்மாளை அப்படி இறக்கும்போது இருட்டில் ஒருவர் கால் தவற, டோலி சாய்ந்தது. குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. சென்னம்மாள் கருப்பியின் நாத்தனார். அதற்குப் பிறகு ரோடு கேட்டு மனுக் கொடுக்கப் போகும்போதெல்லாம் கருப்பி முன்னால் நின்றாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தம்பி முருகேஷ் பெயிண்ட் டப்பாக்களோடு மலையேறி வந்தான். ஊரில் காலேஜ் போனவன் அவன் ஒருவன்தான். அவனைப் படிக்க வைக்கக் கருப்பி காடு காடாகக் கடுக்காய் பொறுக்கி விற்றிருக்கிறாள். இப்போது தர்மபுரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தான்.

"இந்தப் பெயிண்டைப் பாதைக் கல்லுல அடிச்சா, பகல்ல வெயிலைக் குடிச்சுக்கும். இருட்டுனா பச்சையா எரியும். கரண்டே வேணாங்க்கா" என்றான்.

"அப்ப ரோடு?"

"அதுவும் வரும். இதைத் தொறந்து வைக்கப் பெரிய அதிகாரிங்க வருவாங்க. நம்ம பாதையைக் கண்ணால பாத்துட்டா அப்புறம் யாரு இல்லேன்னு சொல்லுவா?"

ஊரில் சிலருக்குத் தயக்கம் இருந்தது. "பெயிண்டைக் குடுத்துட்டு ரோட்டை மறந்துருவாங்க" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் கருப்பியின் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"எந்தம்பி நமக்குக் கெடுதல் பண்ணுவானா?" என்று கேட்டாள் கருப்பி. வீடு வீடாகப் போய்ப் பேசினாள். பெண்கள் கிளம்பி வந்து கற்களில் பாசியைத் தேய்த்துக் கழுவி, இரண்டு ஓரமும் பெயிண்ட் அடித்தார்கள். அடித்த முதல்நாள் பொழுது சாய்ந்ததும் பாதை மரங்களுக்கு நடுவே பச்சையாக வளைந்து இறங்குவதைப் பார்த்து, பெரியம்மாளே வாயைப் பிளந்தாள். கருப்பி அன்று சாமைச் சோற்றைக்கூட மறந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம்.

திறப்பு விழா அன்று அதிகாரிகள் மேலே ஏறவில்லை. அடிவாரத்திலேயே பந்தல் போட்டிருந்தார்கள். முதல் வளைவு வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். பிறகு முருகேஷ் மைக்கைப் பிடித்தான்.

"எங்க மலை ஜனங்க காட்டை உசுரா நெனைக்கிறவங்க. மரத்தை வெட்டி ரோடு போடுங்கன்னு இனிமே கேக்க மாட்டாங்க. இந்தப் பாதையே போதும்னு சொல்லிட்டாங்க. ஊரையே இதுக்குச் சம்மதிக்க வெச்ச எங்க அக்கா இதோ முன்னாலதான் உக்காந்திருக்காங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ அவளை எழுப்பி மேடைக்கு அழைத்துப்போய்ச் சால்வை போர்த்தினார்கள். கேமராக்கள் மின்னின. கீழே உட்கார்ந்திருந்த ஊர்ப் பெண்களில் ஒருத்தியும் கைதட்டவில்லை. சென்னம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தலுக்குப் பின்னால் தம்பியைப் பிடித்தாள். "நாங்க எப்படா போதும்னு சொன்னோம்?"

"அக்கா, மெதுவாப் பேசு. காட்டுக்குள்ள ரோடு போட ஃபாரஸ்ட்காரங்க வுடவே மாட்டாங்க. எங்க ஆபீஸ் மேலதிகாரிங்க சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன். அடுத்த மாசத்துலேருந்து எனக்குச் சென்னையில வேலை. ஊருக்குக் கெடைச்சதாவது நல்லா இருக்கட்டுமே."

"வராதுன்னு தெரிஞ்சா எங்ககிட்ட வராதுன்னு சொல்லியிருக்கணும். எங்களுக்கு வேணாம்னு நீ யார்ரா சொல்றதுக்கு?"

யாரோ முருகேஷைக் கூப்பிட்டார்கள். போய்விட்டான். கருப்பி சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு மலையேறினாள். வழிநெடுக ஒருவரும் அவளோடு பேசவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. வெயில் இல்லாததால் கற்கள் மங்கலாகத்தான் எரிந்தன. காய்ச்சலில் கிடந்த பெரியம்மாளை விடியுமுன்னே டோலியில் இறக்கினார்கள். கருப்பியின் புருஷன் காளியன் முன்கம்பைப் பிடித்திருந்தான். வழி கண்ணுக்குத் தெரிந்தும் சேற்றில் சறுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டான். பெரியம்மாள் பிழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "உன்னையும் ஏமாத்திட்டான், விடு" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் கருப்பி அழுதாள்.

அடுத்த திங்கட்கிழமை தர்மபுரி கலெக்டர் ஆபீசுக்குப் போய் மறுபடியும் மனுவை நீட்டினாள். கூடச் சென்னம்மாளும் வந்தாள்.

மனு வாங்கியவர் நிமிர்ந்து பார்த்தார். "கல்லூத்தா? ரோடு வேணாம்னு உங்க ஊர்க்காரரே பேசினாரே. வீடியோ பார்த்தேன். அவருக்கு நீங்க என்ன வேணும்?"

"அக்காங்க."

"அப்புறம் என்னம்மா?"

அவனைப் பற்றி வெளியாட்களிடம் அவள் ஒருநாளும் ஒரு சொல் குறைத்துச் சொன்னதில்லை. சென்னம்மாள் அவள் முழங்கையைத் தொட்டாள்.

"அவன் பொய் சொல்லிட்டாங்க" என்றாள் கருப்பி. "எங்களுக்கு ரோடு வேணுங்க."

அவர் மனுவில் முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டார். இருவரும் வெளியே வந்து அரூர் பஸ்ஸுக்கு நின்றார்கள். சென்னம்மாள் ஒரு டீ வாங்கி, பாதியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.