மூடி போட்ட பதினான்கு நாட்கள்

என் கணவர் எனக்கு வைத்திருந்த பெயர் மீட்டர். கல்யாணமான புதிதில் வைத்தார், இருபத்தேழு வருஷமாகியும் மாற்றவில்லை. நான் வேலை பார்ப்பது ஒரு குளிர்பதனக் கிடங்கில். மீன், இறைச்சி, மருந்துப் பெட்டி என்று பதினாறு அறைகள். மணிக்கொரு தரம் ஒவ்வொரு அறையின் மீட்டரையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். உள்ளே போனால் விரல் மரத்துப்போகும். அதனால் பலர் உட்கார்ந்த இடத்திலேயே போன மணி எண்ணைத் திருப்பி எழுதிவிடுவார்கள். எனக்கு அது ஆகாது. அப்படி எழுதிய ஒருத்தியை நானே மேலாளரிடம் சொல்லி வேலையை விட்டு அனுப்ப வைத்திருக்கிறேன். அவள் என்னைக் கரித்துக் கொட்டினாள். கொட்டினால் கொட்டட்டும் என்று இருந்துவிட்டேன்.

அவர் பேருந்து ஓட்டுநர். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. "உங்கம்மாவுக்குப் பசிச்சாகூட மீட்டரைப் பார்த்துட்டுத்தான் தட்டு எடுப்பா" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார். எங்களுக்கு அவள் ஒருத்திதான். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைக் கிண்டல் செய்யாமல் ஒரு சாப்பாட்டு வேளை போனதில்லை.

குடிக்காத மனுஷனுக்கு ஈரல் கெட்டுப்போனால் யாரும் நம்ப மாட்டார்கள். அவருக்குக் கெட்டது. என் ரத்தம் அவருக்குச் சேரவில்லை, மகளுடையது சேர்ந்தது. இருபத்துநாலு வயதுப் பெண், யாரும் கேட்பதற்கு முன்னால் தானே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, தன் ஈரலில் பாதிக்கு மேல் அறுத்துக் கொடுத்தாள். நான் ஒரே நாளில் இரண்டு ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எந்தக் கதவைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

ஈரல் அவர் உடம்பில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. பித்தநீர் போகிற குழாயில்தான் வம்பு வந்தது. மகளுக்கு அந்தப் பக்கம் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு குழாய்கள், இரண்டுமே மெல்லியவை. அதை அறுவை டாக்டர் அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டார். நான்காம் மாதம் அவர் கண் மஞ்சளானபோது, அவள் தன் வலது விலாவுக்குக் கீழே தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு, "என் குழாய் சின்னதும்மா, அதான்" என்றாள். "கிறுக்கு மாதிரிப் பேசாதே, குழாயை நீயா செஞ்சே? செஞ்சது நான்" என்று சத்தம் போட்டேன். அவள் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கை அங்கேயே கிடந்தது. டிவி பார்க்கும்போது, போன் பேசும்போது, எப்போதும்.

மறுபடி வயிற்றைக் கிழிக்க வேண்டாம் என்று எங்களை வேறொரு பெண் டாக்டரிடம் அனுப்பினார்கள். எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே தோலில் ஓர் ஊசித் துளை போட்டு, அதன் வழியாகக் கம்பி விட்டு, குழாய் விட்டு, அடைப்பை எடுக்கிறவர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் குழாய் டாக்டர். ஈயம் வைத்த கனமான மேலங்கியைக் கழற்றிவிட்டு வெளியே வரும்போது அந்தப் பெண்ணின் முதுகு வியர்வையில் ஊறிப்போயிருக்கும். திரையில் எனக்குப் படத்தைக் காட்டுவார். வெள்ளை மருந்து ஈரலுக்குள் கிளைகிளையாகப் பிரிந்து இறங்கி, இணைப்பு போட்ட இடத்தில் நூல் போல மெலிந்துவிடும். "இந்த இடத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமா விரிக்கணும்" என்பார்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் விரித்தார். விலாவில் நுழைந்த குழாய் ஈரல் வழியாக, அந்த ஒடுக்கத்தைத் தாண்டிக் குடலுக்குள் போகும். வெளியே நிற்கிற நுனியில் ஒரு பை, பையில் பித்தநீர். ஆறு வாரத்துக்கு ஒரு தரம் உள்ளே பலூனை ஊதி விரித்து, கொஞ்சம் பெரிய குழாயாக மாற்றுவார்கள். என் கணவர் அந்தப் பைக்கு டேங்க் என்று பெயர் வைத்தார். "டேங்க் ஃபுல்லு, அடுத்த ஸ்டாப்ல இறக்கி விடு மீட்டர்" என்று கூப்பிடுவார். நான் திட்டிக்கொண்டே போய்க் காலி செய்வேன்.

கடைசியில் ஒருநாள் குழாய் டாக்டர் நல்ல வார்த்தை சொன்னார். "இன்னைக்குப் பையைக் கழட்டிட்டு மூடி போடறேன். இனிமே பித்தநீர் தானா உள்ள போகணும். பதினாலு நாள் தாங்கிட்டா குழாயை உருவிடலாம். ஆனா காய்ச்சலோ நடுக்கமோ எது வந்தாலும் மூடியைத் திறந்து பையை மாட்டிட்டு ஓடி வாங்க. எனக்கு போன் பண்றதுகூட அப்புறம். முதல்ல திறக்கணும்."

மூடி என்றால் சட்டைப் பொத்தான் அளவுதான். ஒரு திருகு திருகினால் திறந்துவிடும்.

மகளுக்குத் தூர தேசத்தில் ஒரு வேலை கிடைத்திருந்தது. அப்பாவுக்காக ஒரு வருஷம் தள்ளிப்போட்டாள். அவர்களும் பொறுத்தார்கள். இனி முடியாது என்று தேதி கொடுத்துவிட்டார்கள். அவள் விமானம் ஏற வேண்டிய நாள், மூடி போட்ட பதினான்காம் நாள். "அப்பாவுக்குச் சூடு ஒரு பாயிண்ட் ஏறினாலும் நான் போகல, அந்த வேலையைத் தலைமுழுகிடறேன்" என்று அவர் எதிரிலேயே சொன்னாள். அவர் வாயைத் திறக்கவில்லை. வாய் ஓயாத மனுஷன் பேசாமல் இருந்ததை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

காலை எட்டு மணி, மாலை நாலு மணி என்று நேரம் வைத்தேன். அதற்காகவே ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். தெர்மாமீட்டரை நானே வைத்து, நானே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து நோட்டில் எழுதினேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு, புள்ளி இரண்டு, புள்ளி ஆறு. மகள் வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த நோட்டைத்தான் எடுப்பாள். பார்த்துவிட்டு மூச்சு விடுவாள்.

ஒன்பதாம் நாள் பட்டப்பகலில் இரண்டு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். என்ன என்று கேட்டேன். "உன் கிடங்குக் குளிரையெல்லாம் சேலையில முடிஞ்சு வீட்டுக்குக் கொண்டு வர்றே, மனுஷன் நடுங்க மாட்டானா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு மணிக்கு அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு காட்டியது. எழுதினேன்.

எங்கள் கிடங்கில் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: பெட்டி வியர்த்திருந்தால் மீட்டரை நம்பாதே. அதைச் சொல்கிற நானே வியர்த்துக் கிடந்த மனுஷனை விட்டுவிட்டு எண்ணை நம்பினேன்.

பதினான்காம் நாள் காலையும் எண் சரியாகவே இருந்தது. பத்து மணிக்கு டாக்ஸி வந்தது. அவர் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போய்ட்டு போன் பண்ணு. உங்கம்மா மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும்" என்றார். மகள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினாள். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவர் சிரித்த முகம் மாறவில்லை. திரும்பியதும் கதவோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். களைப்பாக இருக்கிறது, படுக்கிறேன் என்றார். நாலு மணிக்குத் தெர்மாமீட்டரை எடுத்தபோது நூற்று மூன்று புள்ளி எட்டு. மூடியைத் திறந்தேன். பைக்குள் இறங்கியது மஞ்சளாக இல்லை, சேற்றுத் தண்ணீர் மாதிரி கலங்கலாக நாற்றத்தோடு வந்தது.

ஆஸ்பத்திரியில் குழாய் டாக்டர் ஓடி வந்தார். திரையில் வெள்ளை மருந்து இறங்கி வந்து அந்த இணைப்பில் முட்டி நின்றுவிட்டதாம். அரைமணி நேரத்தில் புதுக் குழாய் போட்டுவிட்டு வெளியே வந்தார். "குழாய் நல்லா இறங்கிடுச்சு. ஆனா சீழ் ரத்தத்துல கலந்திருக்கு. இது ஒருநாள்ல ஆகிற வேலை இல்லைம்மா." என் நோட்டைப் புரட்டினார். "நீங்களே பார்த்து எழுதினதா?"

"பார்க்காம எழுதற பழக்கம் எங்க பரம்பரையிலேயே கிடையாது" என்று அந்த நிலைமையிலும் டாக்டர்மேல் எரிந்து விழுந்தேன்.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் அவர் ஓட்டுநர் சட்டை தொங்கியது, ஒன்றரை வருஷமாக அவர் போடாத சட்டை. சட்டைப் பை உப்பியிருந்தது. கையை விட்டால் காய்ச்சல் மாத்திரை அட்டைகள். மூன்று அட்டை, எல்லாம் காலி, பயணச்சீட்டு மாதிரி நாலாக மடித்து வைத்திருந்தார். நான் சூடு பார்க்கிற நேரம் அவருக்குத் தெரியும். எட்டுக்கும் நாலுக்கும் முக்கால் மணி நேரம் முன்னால் ஒன்று ஒன்றாகப் போட்டிருக்கிறார். என் ஒழுங்கை வைத்தே என்னை ஏமாற்றியிருக்கிறார். நான் அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுத் திட்டினேன். அழுகை அப்புறம்தான் வந்தது.

தீவிர சிகிச்சை அறையில் அவருக்கு நினைவு இருந்தது. அட்டைகளை அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினேன்.

"மீட்டர் கண்டுபிடிச்சிடுச்சா" என்றார்.

"ஏன்யா இப்படிப் பண்ணே? ஒரு திருகு. ஒரே ஒரு திருகு திருகியிருந்தா போதுமேய்யா."

"திருகினா அவ நின்னுடுவா. அவ பிளேன் ஏறிட்டாளா?"

"ஏறிட்டா."

"பதினாலு நாள்தானே, ஓட்டிடலாம்னு பார்த்தேன். எப்படியும் மறுநாள் டாக்டரைப் பார்க்கத்தானே போறோம்னு..." மூச்சு வாங்கியது. "அவகிட்ட சொல்லாத. தனக்காகத்தான்னு தெரிஞ்சா அவ எந்திரிக்கவே மாட்டா."

சேதி கேட்டு, மகள் அங்கே இறங்கின கையோடு அடுத்த விமானத்தில் திரும்பி வந்தாள். அதற்குள் அவர் வாயிலும் குழாய் போட்டுவிட்டார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் மத்தியானம் போய்விட்டார். எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. இல்லாதவர்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்கிறார்கள். ஆனாலும் வருகிறது.

அட்டைகளைக் குழாய் டாக்டரிடம் காட்டியிருந்தேன். அவர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "உங்க மக கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்றார்.

"அவ கொடுத்த ஈரல் கடைசிவரைக்கும் நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க. அது உண்மைதானே?"

"சத்தியமா உண்மை."

"அது போதும். மீதி எங்க வீட்டு விஷயம்."

டாக்டர் அப்படியே சொன்னார். மகள் நம்பவில்லை. எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, சாப்பாட்டு மேஜையில் அந்த நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடது கை நோட்டில், வலது கை தழும்பின் மேல். மூன்று நாளாக ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை.

"சும்மா ஆறுதலுக்குச் சொல்றாங்கம்மா. காய்ச்சலே இல்லாம திடீர்னு எப்படி ஆகும்? பதினாலு நாளும் நார்மல். அப்போ தப்பு ஈரல்லதான். நான் கொடுத்ததுதான் சரியில்ல. என்னாலதாம்மா அப்பா..."

அட்டைகள் என் கைப்பையில் இருந்தன. எடுத்து மேஜைமேல் வைத்தால் ஈரல் பழியிலிருந்து தப்பித்துவிடும், ஆனால் 'உனக்காகத்தான் செத்தார்' என்பது அவள் தலையில் விழும். வைக்காவிட்டால் 'உன் ஈரலால்தான் செத்தார்' என்பது நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் பிள்ளைதான் நடுவில். அந்த மனுஷன் எனக்கு விட்டுப்போன சொத்து இதுதான்.

"நார்மல்னு யார் சொன்னா?" என்றேன்.

"நீதானே எழுதியிருக்கே."

"எழுதினேன். முதல் ரெண்டு நாள் பார்த்தேன். ஒரே மாதிரி இருந்துச்சு. அப்புறம் வேலை, அலுப்பு... பார்க்காம எழுதிட்டேன்."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். 'நீயாவது, பார்க்காமல் எழுதுவதாவது, பொய் சொல்லாதே' என்பாள் என்று நினைத்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். கிடங்கில் இருபத்தெட்டு வருஷம், வீட்டில் அவள் பிறந்ததிலிருந்து நான் எப்படிப்பட்டவள் என்று அவளுக்குத் தெரியும். எந்தப் பதிலும் தேவைப்படவில்லை. அவள் உடனே நம்பிவிட்டாள்.

"பன்னெண்டு நாளுமா?" என்றாள்.

"பன்னெண்டு நாளும்."

"அந்தப் பொம்பளையை இதுக்குத்தானேம்மா வேலையை விட்டு அனுப்பினே?"

அவள் உதடு துடித்தது, முகம் சிவந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, இரண்டு கையாலும் நோட்டை எடுத்து என் மடியில் வீசினாள். இரண்டு கையாலும். அந்தத் தழும்பை விட்டு அவள் கை இறங்கியதை நான் பார்த்தேன்.

மறுவாரம் கிளம்பினாள். வாசலில் நான் நின்றேன். என்னைத் திரும்பிப் பார்க்காமல் டாக்ஸியில் ஏறினாள். நான்கு மாதமாகப் பேச்சில்லை, போன் செய்தாலும் எடுப்பதில்லை. அவளோடு தங்கியிருக்கிற தோழிக்குத்தான் வாரம் ஒருமுறை போன் செய்கிறேன். வேலைக்குப் போகிறாளா என்று கேட்பேன். போகிறாள் என்பாள். சாப்பிடுகிறாளா என்று கேட்பேன்.

"நல்லா சாப்பிடறா ஆன்ட்டி" என்பாள். போனை வைத்துவிட்டு, அடுத்த அறையின் மீட்டரைப் பார்க்கப் போவேன்.