திக்னஸ் மெஷின் திறப்பு விழா

கட்சியின் தொகுதிச் செயலாளர் பாக்யராஜ் ரிப்பன் வெட்டக் கையை நீட்டியபோதுதான், கத்தரிக்கோல் மட்டும் வாங்கவில்லை என்று தெரிந்தது. பட்டறைக்காரன் மணிபாரதி ஓர் உளியைக் கொடுத்தான். செயலாளர் ரிப்பனைச் செதுக்கித் திறந்துவைத்தார்.

பாகூர்ப் பக்கம் எத்தனையோ திறப்பு விழாக்கள் நடந்திருக்கின்றன. செகண்ட் ஹேண்ட் இயந்திரத்துக்கு நடந்தது இதுவே முதல். திருவாண்டார்கோயிலில் மூடிப்போன ஒரு மரப்பெட்டிக் கம்பெனியிலிருந்து கிரேன் வைத்துத் தூக்கி வந்த திக்னஸ் மெஷின். ஒரு பக்கம் கரடுமுரடான பலகையை விட்டால், மறுபக்கம் ஒரே தடிமனாக இழைத்துத் துப்பும். இரண்டு எருமைகளை ஒட்டவைத்த அகலம். அதை உள்ளே கொண்டுவரப் பட்டறையின் முன்சுவரையே இடிக்க வேண்டியிருந்தது. இடித்ததை மறைக்க ஃப்ளெக்ஸ் தேவைப்பட்டது. ஃப்ளெக்ஸ் என்று வந்துவிட்டால் 'தொழிலதிபர்' என்று போடாமல் எப்படி? நேற்றுவரை நிலைக்கதவு செய்துகொண்டிருந்த மணிபாரதி அதில் கறுப்புக் கண்ணாடியோடு செல்போன் பேசிக்கொண்டிருந்தான்.

முதலில் விடுவதற்கு ஏரிக்கரை வேம்பின் பலகைகள் காத்திருந்தன. புயலில் விழுந்த மரத்தை ஏலத்தில் எடுத்தவன் அவன்தான். வேறு யாரும் கேட்கவே இல்லை. ஊர்ப் பெண்களைப் பிடித்த பேய்களையெல்லாம் அந்த மரத்தில்தான் ஆணியடித்து இறக்கியிருந்தார்கள். "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று தொழிலதிபர் குரலில் சொல்லிவிட்டு, கண்ணில் பட்ட ஆணிகளைக் குறடு போட்டுப் பிடுங்கினான். மரம் வளர்ந்து மூடிக்கொண்ட ஆணி கண்ணில் படுமா?

முதல் பலகை பாதி போனதும் உள்ளே படாரென்று ஒரு சத்தம். நிறுத்திவிட்டுப் பலகையை இழுத்துப் பார்த்தால், சீவிய மரத்துக்குள் சதுரத் தலை ஆணி. அதைச் சுற்றி முடி.

அந்த ஆணியை அவனுக்குத் தெரியும். மாட்டு வண்டிக்கு வைத்திருந்ததில் நல்லதாகப் பார்த்து அப்பா எடுத்துக் கொடுத்தது. முடி, அக்கா செல்வகுமாரியுடையது. பிரசவத்துக்கு வந்த இடத்தில் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு அவள் அழுதுகொண்டே இருந்தாள். சோறு போட்டாலும் அழுகை, தலை பின்னினாலும் அழுகை. பிள்ளை செத்தவள் சில நாள் அழலாம். மாதக்கணக்கில் அழுதால் அழுவது அவள் இல்லை என்று புருஷன் வீட்டார் கண்டுபிடித்தார்கள். வேப்பங்குழையால் அடித்து, உச்சி முடியை ஆணியோடு சேர்த்து மரத்தில் அறைந்தார்கள். அன்றோடு அழுகை நின்றது. புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அக்கா இங்கேயே தங்கிவிட்டாள். வைத்தியம் வெற்றி.

இப்போது அவள் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ஆணி யாருடையது என்று கூட்டத்துக்கும் தெரியும்; அவளைச் சுற்றியிருந்த இடம் மெல்லக் காலியானது. மேடைக்கு மேடை பகுத்தறிவு பேசுகிற பாக்யராஜ், செருப்பைக்கூட மாட்டாமல் பைக்கில் ஏறினார். கொஞ்ச நேரத்தில் வீட்டு ஆட்கள் மூன்று பேர்தான் மிச்சம்.

"ஏங்க, போயி பூசாரிய இட்டாந்துடுங்க" என்றாள் மணிபாரதியின் மனைவி மகாலட்சுமி. "திரும்ப அடிச்சிடலாம்."

"எதுல அடிப்பீங்க?" அக்கா தட்டைக் கீழே வைத்தாள். "மரத்ததான் உம்புருசன் அறுத்துட்டானே."

மகாலட்சுமி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"யக்கா... பயமா இருக்குதா?"

"இன்னாத்துக்குடா?"

"அது திரும்ப வந்துடுச்சின்னா?"

"எதுடா வரும்? செத்தது பொம்பளப் புள்ளடா. பேருகூட வெச்சிட்டேன். அதுக்காவ அழுதேன். நீங்க பேய்ன்னீங்க."

"அப்ப ஏன் நிறுத்துன?"

"அடி தாங்க முடியலடா."

தொழிலதிபர் குறடை எடுத்தான். ஆணியைப் பிடுங்கி அவளிடம் நீட்டினான். அவள் முடியை மட்டும் பிரித்தெடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். ஆணி பட்டு மெஷின் பிளேடில் ஒரு நெல்லளவு பல் போயிருந்தது. மாற்றுப் பிளேடு கிடையாது.

"மீதிய போடு" என்றாள் அக்கா. "அந்தாண்ட நான் வாங்குறேன்."

மெஷின் உறுமியது. பல் போன இடம் இழைக்காமல் விட்டதால், ஒவ்வொரு பலகையிலும் நீளத்துக்கு நூல் போல ஒரு மேடு எழும்பி வந்தது. அக்கா அதைத் தடவிப் பார்த்து அடுக்கினாள். மூன்றாவது பலகைக்கு அவள் வாய் திறந்திருந்தது. சீவல் பறந்து முகத்தில் ஒட்டியது. ஒட்டிய இடத்தில் நனைந்தது. அவள் குரல் கேட்கவில்லை. எதையும் கேட்க விடுகிற மெஷின் இல்லை அது.

கடைசிப் பலகையும் போய்ச் சேர்ந்தது. இனி விடுவதற்கு ஒன்றும் இல்லை. அக்காவின் வாய் இன்னும் மூடவில்லை. ஜன்னலைத் திறந்து மகாலட்சுமி கையை ஆட்டி என்னவோ கேட்டாள். மணிபாரதி பார்க்காத மாதிரி, அடுக்கியதிலிருந்து ஒரு பலகையை உருவி வந்து மறுபடியும் உள்ளே விட்டான். அது இன்னும் கொஞ்சம் மெலிந்து அக்காவின் கைக்குப் போனது.